இருபதுக்கு வந்த திருத்தம்

ரொறொன்ரோவுக்கு எப்படி வந்தீர்கள் என்று தொண்ணூறுகளில் யார் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கொழும்பிலை ஏறினனாங்கள், இஞ்சை இறங்கினனாங்கள். ஏஜென்சிக்காரரை நம்பி அலைஞ்ச ஆக்கள் இல்லை."

எங்களுக்குத் தன் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ரை வாடகைக்குத் தந்த வீட்டுக்கார அன்ரி, "நாங்களும் அப்பிடித்தான்" என்பார். நேராக வந்தவர்களுக்கென்று தனி மரியாதை இருந்தது. இருவரும் அதைக் கவனமாகப் பராமரித்தார்கள்.

உண்மையில், கள்ளப் பாஸ்போட்டில் ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காக பாங்கொக்கில் ஒரு லொட்ஜ் அறையில் மாதக்கணக்காகக் கிடந்தோம். ஒளித்துப் பிடித்து விளையாடுவதற்காக லொட்ஜ்காரியின் மகள் எனக்குத் தாய்லாந்து மொழியில் எண்ணப் பழக்கினாள். தமிழ் எண்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. பாங்கொக் என்ற பெயரையே வெளியே எடுக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

ரொறொன்ரோத் தமிழர்களின் நவராத்திரி வாணி விழாவில், ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லும் போட்டியில் என்னைச் சேர்த்தார்கள். நடுவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கோட்டைத் தாண்டக்கூடாது, பெற்றோரைப் பார்க்கக்கூடாது, தடங்கினால் புள்ளி குறையும் என்று விதிகளை வாசித்தார். எந்த மொழியில் என்று வாசிக்கவில்லை. விதிகளை வரைந்தவரின் கவனக்குறைவு அது என்றே இன்றும் சொல்வேன்.

மைக்கைக் கண்டதும் தமிழ் ஓடிவிட்டது. முதலில் படித்ததுதான் வாயில் வந்தது.

"நுங், சோங், சாம், சீ..."

"உது என்ன பாஷை?" என்றார் நடுவர்.

"பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சு படிப்பிக்கினம், சேர்" என்று ஓர் அங்கிள் விளக்கம் கொடுத்தார்.

அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. பக்கத்துக் கதிரையில் வீட்டுக்கார அன்ரி.

நான் நிறுத்தவில்லை. சோங் இரண்டு, சிப் பத்து. முப்பதுக்கு மூன்று பத்து என்று சாம்-சிப் சொல்வார்கள். ஆகவே இருபதை, "சோங்-சிப்!" என்று பெருமையாக முடித்தேன்.

"யீ-சிப்!"

அந்த மொழியில் இருபது மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காது. அதைத் திருத்தியது வீட்டுக்கார அன்ரி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் பின்வரிசைகளிலிருந்தும் நாலைந்து பேர் அதையே சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சு அங்கிளும் அதில் ஒருவர்.

அம்மா மெல்ல அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கள் நேரா வந்தனீங்களல்லோ?"

"ஓம். உங்களைப் போலத்தான்."

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பரிசு இல்லை. வீட்டில் அடி நிச்சயம் என்று காரில் ஒடுங்கியிருந்தேன். அம்மாவோ அன்ரியின் கையைப் பிடித்தபடி, லொட்ஜ் அறையின் மூட்டைப்பூச்சி பற்றியும், பொலிஸ் கதவு தட்டிய இரவுகள் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

ஓர் எண்ணைப் பிழையாகச் சொன்னதற்கு இவ்வளவு அழுகையா? எனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது.

"அழாதேங்கோ அம்மா," என்றேன். "அடுத்த வருஷம் சரியாச் சொல்லுறன்."