ஓரத்துப் பத்து வரிசை

சோளம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர் தன் சோளத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். "பக்கத்து வயல்ல தண்டு என் கட்டைவிரல் தடிமன் இருக்கு" என்பார். அதனாலேயே ஊர் அவருக்குப் பக்கத்து வயலார் என்று பெயர் வைத்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. இருபத்தாறு வருடமாக அடுத்தவர் நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறார்.

பக்கத்து வயல் அவருடைய சகலையுடையது. மனைவியின் தங்கையைக் கட்டியவர். இரண்டு வயலும் ஒரே நிலக்காரருடையவை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரே நாளில் குத்தகைக்கு எடுத்தார்கள், ஒரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆனால் போன வருடம் நிலக்காரர் இவருடைய குத்தகையைக் கால் பங்கு ஏற்றினார், சகலைக்கு ஒரு காசு ஏற்றவில்லை. அன்றிலிருந்து பக்கத்து வயலாருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது, செரிக்கவில்லை.

"அவங்களுக்கு நேரம் நல்லா இருக்கு, விடுங்க" என்றாள் மனைவி.

"என் நேரத்துக்கு என்ன கேடு?"

"உங்களுக்கு அவங்களைப் பார்க்கவே நேரம் போதலையே."

குத்தகையை ஏற்றியது நேரமும் இல்லை, கிரகமும் இல்லை. கார் வைத்திருந்த ஒரு மனிதர் ஏற்றினார். கதிர் பிடிக்கும் பருவத்தில் அவர் வருவார். வண்டிப்பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார், ஓரமாக நின்று பயிரைப் பார்ப்பார், அடுத்த வருடக் குத்தகையைச் சொல்லிவிட்டுப் போவார். சோளத்துக்குள் நுழையமாட்டார். இலை கையை அறுக்கும். பயிர் நன்றாக இருந்தால் குத்தகை ஏறும். அதாவது, உழைத்தவனுக்கு உழைத்ததற்காக அபராதம். பயிர் கெட்டுப்போனால் இறங்குமா என்று கேட்டால், அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பார். வழக்கத்தை உண்டாக்கியவரே அவர்தான்.

இந்த வருடம் உர விலையும் சேர்ந்துகொண்டது. டிஏபி மூட்டையைத் தொட்டுப் பார்க்கத்தான் முடிந்தது. யூரியா வேண்டுமென்றால் கூடவே ஒரு டப்பா சத்து மருந்தும் வாங்கியாக வேண்டும் என்றார் உரக்கடைக்காரர்.

"எனக்கு எதுக்குங்க அது?"

"மேல இருந்தே அப்படித்தான் அனுப்புறாங்க. எதுக்குன்னு எனக்கே தெரியாது."

"அப்ப நீங்களே குடிங்க."

திட்டிக்கொண்டே டப்பாவையும் வாங்கினார். பத்து மூட்டை தேவைப்பட்ட இடத்தில் ஆறுதான் கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்தது. கிளம்பும்போது கேட்டார்: "என் சகலை எத்தனை எடுத்தாரு?"

"அவரும் ஆறுதான்."

வேறொருவருக்கு இது ஆறுதலாக இருந்திருக்கும். இவருக்கு, அதே ஆறு மூட்டையில் அவன் மட்டும் எப்படிச் சிரிக்கிறான் என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் உரம் போட்டார். வண்டிப்பாதையோரத்துப் பத்து வரிசைக்குக் கை நிறைய அள்ளிப் போட்டார். உள்ளே போகப் போகக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். வண்டிப்பாதையில்தானே சகலை போவார், மைத்துனி போவாள், ஊரே போகும்? உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு மாதத்தில் அவருடைய ஓரம் கரும்பச்சையாக எழுந்து நின்றது. சகலையின் ஓரமோ நுனியிலிருந்து மஞ்சள் ஓடி, நோயாளி போல நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வயலாருக்கு நன்றாகப் பசி எடுத்தது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. மஞ்சள் சோளத்தை வைத்துக்கொண்டு சகலை சீட்டியடித்தபடி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

நிலக்காரர் வருவதற்கு முதல் நாள், உச்சி வெயிலில், சகலை வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம் பார்த்து பக்கத்து வயலார் அந்தச் சோளத்துக்குள் நுழைந்தார். பத்து வரிசை தாண்டும்வரை மஞ்சள்தான். பதினொன்றாவது வரிசையில் நின்றுவிட்டார். தலைக்கு மேல் கரும்பச்சை. ஒவ்வொரு தண்டிலும் முழங்கை நீளக் கதிர். ஆறு மூட்டையும் உள்ளேதான் இருந்தது. ஓரத்துக்கு ஒரு பிடிகூடப் போகவில்லை.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தானும் அதே பத்து வரிசையில்தான் புத்தியைக் காட்டியிருந்தார், தலைகீழாக. 'கூடப் பிறந்தவன் மாதிரி பழகுறான், ஒரு வார்த்தை சொன்னானா?' என்று அன்று முழுக்கக் குமுறினார்.

மறுநாள் நிலக்காரர் ஓட்டுநரோடு வந்தார். பக்கத்து வயலாரின் ஓரத்தைப் பார்த்து நின்றார்.

"என்னப்பா, காடு மாதிரி நிக்குது. இன்னும் கால் பங்கு சேர்த்துக்க."

"ஐயா, உரம் விக்கிற விலையில..."

"உரம் போடாமலா இப்படி நிக்குது?"

சகலையின் ஓரத்துக்கு வந்து முகத்தைச் சுளித்தார். "உனக்கு எப்பவும் இதே கதைதான். பழைய குத்தகையையே கொடு, போ."

சகலை பணிவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் பக்கத்து வயலாரால் தாங்க முடியவில்லை.

"உள்ளே போய்ப் பாருங்க ஐயா" என்று வாய் சொல்லிவிட்டது.

நிலக்காரர் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது புறங்கையில் கீறல், முகத்தில் புன்னகை. "உனக்கு அரைப் பங்கு அதிகம்" என்றார் சகலையிடம்.

"என்னோடதையும் உள்ளே வந்து பாருங்க ஐயா. உள்ளே ஒண்ணுமே இல்ல" என்று பின்னாலேயே ஓடினார் பக்கத்து வயலார்.

"உன்னோடதுதான் வெளியவே தெரியுதே." கார்க் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு பேரும் வண்டிப்பாதையில் நின்றார்கள். அடிக்க வருவார் என்று இவர் எதிர்பார்த்தார். சகலை கீழே உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷமே அவ சொன்னா, அக்கா வீட்டுக்காரருக்கும் சொல்லிடுங்கன்னு. நான்தான் சொல்லல. ரெண்டு ஓரமும் மஞ்சளா இருந்தா அவருக்குச் சந்தேகம் வரும்னு பயந்தேன்."

"என் பச்சை ஓரத்துக்குப் பின்னாடி நீ ஒளிஞ்சுக்கிட்ட."

"ஆமா. நீங்க காட்டிக் கொடுத்தீங்க. கணக்கு சரியாப்போச்சு."

காரில் போனவர் இருவரையும் ஒருவர் மேல் ஒருவர் பார்வை வைக்க விட்டுவிட்டு, சம்பளமில்லாத இரண்டு காவல்காரர்களை அங்கே நிறுத்தியிருந்தார்.

"அரைப் பங்கு ஏத்தினா நான் நிலத்தை விட்டுடுவேன்" என்றார் சகலை. "நீங்களும் விட்டா, இந்த உர விலைக்கு வேற எவனும் எடுக்கமாட்டான். கிழக்கால ரெண்டு வயல் தரிசா கிடக்கு பார்த்தீங்கல்ல? சேர்ந்து சொல்லுவோம்."

"சரி" என்றார் பக்கத்து வயலார். சொல்லும்போதே அந்த முழங்கை நீளக் கதிர்கள் கண்ணில் நின்றன.

இருவரும் சேர்ந்து சொல்லியனுப்பிய நான்காம் நாள், வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது நிலக்காரர் போனில் அழைத்தார். "அவன் விடுறானாம். நல்ல மண்ணுப்பா. உன் குத்தகையை ஏத்தல, அதையும் நீயே எடுத்துக்கிறியா?"

ஒன்பது வருடமாக அவர் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய மண். "முடியாதுங்க. ஏத்தினா ரெண்டு பேருமே விடுறோம்" என்று சொல்லி, மனம் மாறுமுன் போனை அணைத்தார்.

உடனே பக்கத்து வயலில் போன் மணி அடித்தது. சகலை எடுத்துப் பேசினார். காற்று எதிர்த்திசையில் வீசியது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவர் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பைத் தாண்டி ஓடினார்.

"என்ன கேட்டாரு?"

"உங்க வயலையும் எடுத்துக்கிறியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க முதல்ல சொல்லுங்க, நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன்."

"நானும் அதான் சொன்னேன்." சகலை அவர் முகத்தையே பார்த்தார். "நிஜமாத்தானே?"

"நீ?"

இருவரும் போனை எடுத்து நீட்டினார்கள். அதில் பேசியது பதிவாகியிருக்கவில்லை.

அடுத்த வாரம் ஓட்டுநர் வந்து, பழைய குத்தகையே போதுமாம் என்றார். பக்கத்து வயலார் மூச்சு விடுவதற்கு முன் கேட்டார்: "அவருக்கும் அதேதானே?"

"அவரும் இதையேதான் கேட்டாரு" என்றார் ஓட்டுநர்.