எது புதியதோ அது

ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் வெர்ஷன் போலீஸ். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் எங்கள் டீமில் யாராவது, வெளியாள் எழுதிவைத்த ஆயத்த நிரலான லைப்ரரி ஒன்றை எங்கள் மென்பொருளில் சேர்த்து, அதன் வெர்ஷன் எண்ணைக் குறிக்காமல் ‘எது புதியதோ அது’ என்று விட்டுவைத்தால், சாமி வந்ததுபோல் ஆடிவிடுவேன். முன்பின் தெரியாத எவனோ எங்கேயோ உட்கார்ந்து எதையாவது மாற்றுவான், நாம் அடுத்த முறை மென்பொருளைக் கட்டும்போது அது சத்தமில்லாமல் நம் பில்டுக்குள் வந்துவிடும் என்று கத்துவேன்.

அப்படிப்பட்ட நான், அம்மாவுக்காகச் செய்த திதி ஆப்பில் எண்ணைக் குறிக்கவில்லை. வீட்டு வேலைதானே என்ற அலட்சியம். ஞாயிறுதோறும் அது தானாகவே புதிதாகப் பில்டாகி அம்மாவின் போனுக்குப் போய்விடும். அப்பா இறந்த திதியன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வருவார், நாம் வைக்கும் பிண்டத்தை வாங்கிக்கொண்டு போவார் என்பதில் அம்மாவுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. போன வருஷம் ஆப் சொன்ன நாள் சரியாக இருந்தது. அதனால் இந்த வருஷம் அவள் பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை. நானும் ஆப் காட்டிய தேதியையே சிராத்தம் செய்துவைக்கும் வாத்தியாரிடம் சொன்னேன். அவரும் என் பேச்சை நம்பிக் குறித்துக்கொண்டார்.

அன்று, பழைய கோட்டைக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் சங்கல்பம் தொடங்கும்போது மணி பத்தரை. நாளும் திதியும் சொல்ல வேண்டிய இடத்தில் வாத்தியார் சட்டென்று நிறுத்தினார். பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார்.

“அஷ்டமி இன்னிக்குக் காலம்பற ஒம்பது மணியோட போயாச்சே! சிராத்தத்துக்கு மத்தியானம்னா திதி இருக்கணும்? நேத்திக்காக்கும் நாள். ஆரு பாத்தது?”

“ஆப்தான்” என்றேன்.

விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்தேன். திதியைக் கணக்கிடும் லைப்ரரிக்கு இரண்டு மாதம் முன்பு புது வெர்ஷன் வந்திருக்கிறது. அதைச் செய்தவன் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருந்தான்: இனி மத்தியானத் திதிக்குப் பதில் சூரிய உதயத் திதிதான் வரும், பழைய முறை வேண்டுவோர் பழைய எண்ணிலேயே இருக்கவும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்டிகைக்கு உதயத் திதி சரிதான். அந்த முகம் தெரியாத மனிதன் யாரையும் ஏமாற்றவில்லை, சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறான். அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது வாத்தியார் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். “சாரமில்லை மாமி, கவலைப்படாதீங்கோ. விட்டுப்போனா வர அமாவாசைக்குப் பண்ணிக்கலாம். அதுக்கும் வழி இருக்கு.”

அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அடுக்களை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டித் தீர்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“நேத்து மத்தியானம் ஆத்தில ஆருமே இல்லையேடா” என்றாள். “நீ ஆபீஸ் போயிட்டே. நான் அப்பாக்கு எள்ளு வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கதவைப் பூட்டிண்டுன்னா போனேன்.”