ஆப்பரேட்டர் நின்ற கதவு

சினிமாவில் வரும் ரயிலைப் பார்த்தாலே ஆப்பரேட்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். தியேட்டரில் படம் ஓட்டுவதுதான் பிழைப்பு என்பதால் பார்க்காமலும் இருக்க முடியாது. இப்போது ஓடும் படத்தில் கதாநாயகன் நெரிசலான ரயிலுக்குள் "கொஞ்சம் வழி விடுங்க" என்கிறான். கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. தலைமுடிகூடக் கலையாமல் இறங்கிப் போய்க் காதலியின் கையைப் பிடிக்கிறான்.

"காசு வாங்கிட்டு நிக்கிற கூட்டம் வழி விடும். காசு குடுத்து ஏறுன கூட்டம் எங்க விடும்?" என்பார் டிக்கெட் கிழிப்பவரிடம்.

சொல்லத் தகுதி உள்ளவர்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே ரயில், அதே பெட்டி. ஏறியதும் முண்டியடித்து இடப்பக்கக் கதவோரம் போய் நின்றுவிடுவார். வீட்டுக்குப் போகும் ஸ்டேஷனில் பிளாட்பாரம் அந்தப் பக்கம்தான் வரும். இறங்கும் பக்கத்தில் முன்கூட்டியே நிற்காதவனை அடுத்த ஸ்டேஷன்தான் இறக்கிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலக் காட்சி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மச்சினி போன் செய்தாள். அவர் மனைவி ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். துணைக்கு இருப்பவள் அந்தத் தங்கைதான்.

"மாமா, அக்காவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. டாக்டர் உங்கள உடனே வரச் சொல்றாரு. அவ உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

"இதோ கெளம்பிட்டேன்மா. வந்துட்டே இருக்கேன்னு சொல்லு."

படத்தை மேனேஜர் தலையில் கட்டிவிட்டு ஓடினார். ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, ரயிலைவிட்டால் கதியில்லை. காலையில் அவள் தண்ணீர் கேட்டபோது, நர்ஸைக் கேள் என்று சொல்லிவிட்டு அவசரமாக வேலைக்குக் கிளம்பியது நெஞ்சை அறுத்தது. மனம் அவளிடம் இருக்க, கால்கள் தம் பாட்டுக்கு அவரை இடப்பக்கக் கதவில் கொண்டுபோய் நிறுத்தின.

ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் பிளாட்பாரம் வலப்பக்கம். ரயில் வேகம் குறைந்தபோதுதான் அது உறைத்தது.

"வழி விடுங்க, எறங்கணும்."

"இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இப்ப சொல்றீங்களே" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"என் பொண்டாட்டி சாகக் கெடக்குறாய்யா."

யாரும் கெட்டவர்கள் இல்லை. எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் நகர நினைத்தவருக்கும் நகர இடமில்லை. இடித்தார், கும்பிட்டார், யார் காலையோ மிதித்தார். பாதி தூரம் போவதற்குள் வலப்பக்கம் ஏறிய கும்பல் அவரைப் பழைய இடத்துக்கே தள்ளியது. சரி, தண்டவாளத்தில் குதித்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தார். எதிர் ரயில் அலறிக்கொண்டு வந்தது. யாரோ சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

"உசுரு மேல ஆசை இல்லையா?"

ரயில் நகர்ந்தது. ஆஸ்பத்திரியின் மாடி ஜன்னல்கள் பின்னால் போயின. அந்த ஜன்னல்களில் ஒன்றுக்குப் பின்னால்தான் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதார்.

அடுத்த ஸ்டேஷனில் கூட்டமே அவரை வெளியே துப்பியது. படியேறி எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினார். திரும்பிப் போகும் ரயில் தூரத்தில் தெரிந்தபோது போன் அடித்தது.

"எங்க மாமா இருக்கீங்க?" மச்சினியின் குரலில் அவசரமே இல்லை.

"பக்கத்துலதாம்மா, ஒரே ஸ்டேஷன். ரயில் வந்துருச்சு. அவகிட்ட சொல்லு."



"ஓட வேணாம் மாமா" என்றாள். "மெதுவாவே வாங்க."