சிவப்பு லேபிளை எடுத்த இளவழகன்

இளவழகனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. சந்தேகமிருந்தால் அவனையே கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வான். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்து ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போடும் கம்பெனி எங்களுடையது. வண்டிக்காரர்கள் போனில் அனுப்பும் விவரங்களை ஏற்றி வைப்பது அன்புச்செல்வியாகிய என் வேலை. இளவழகன் வாழப்பாடிக்காரன். எனக்குப் பிறகு வந்து எனக்கு மேலே உட்கார்ந்தவன். அதில் எனக்கு வருத்தமில்லை. அப்படியே இருந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

அவன் வருவதற்கு முன்பு எங்கள் கிளவுட் குப்பைமேடாகத்தான் கிடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே தோட்டத்துக்கு 'புது போர்', 'புது போர் கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று ஃபைல் இருக்கும். மூன்றிலும் கடைசி எதுவென்று ஏற்றியவனுக்கே தெரியாது. இளவழகன் பெங்களூரில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்து எங்களைத் திருத்தப் புறப்பட்டான். ஒவ்வொரு ஃபைலிலும் ஊர், ஆழம், பாறை, தண்ணீர் நிலை எல்லாம் குறித்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் மெட்டாடேட்டா. எல்லோருக்கும் பொதுவான லேபிள்தான், ஆளாளுக்குச் சொந்த லேபிள் வைக்கக் கூடாது. லேபிள் போடாவிட்டால் ஃபைல் சேவ் ஆகாது. தண்ணீர் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊரில் நாங்கள் போட்ட போரெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை எடுத்தான். டீ டம்ளர்களுக்குக்கூட ஆள் பெயர் போட்டு லேபிள் ஒட்டினான். மறுநாள் அந்த லேபிள்கள் கழுவுகிற தொட்டியில் மிதந்தன.

வம்பு சிவப்பில்தான் வந்தது. ரிக் வண்டிக்காரர்கள் யாரும் 'தண்ணி இல்லை' என்று வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த போருக்கும் அது தொற்றிக்கொள்ளும் என்று பயம். பைப் இறங்க இறங்கத் தண்ணீருக்குப் பதில் வெறும் கல்தூள் புகை கிளம்பும், தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார், அப்போதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஈரம் இருக்குதுங்க, மழைக்கு வந்துரும்" என்பார்கள். வாயால் சொல்லாதவர்கள் போனில் சிவப்பையா தொடுவார்கள்? காலியாக விட்டுவிடுவார்கள். நான்தான் கூப்பிட்டு, சுற்றிவளைத்துக் கேட்டு, சிவப்புப் போட்டு சேவ் பண்ணுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடித்துவிட்டு வந்த முதலாளி கைலாசம் என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி இளவழகா, நல்ல நாளும் அதுவுமா இதென்ன செவப்புச் செவப்பா மின்னுது? எடுத்துப்போடு."

ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொன்னவன் அங்கே ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். "ஆகட்டுங்க" என்றான். சிவப்பு லேபிளையே அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'மழைக்கு வரும்' என்று ஒன்றைச் செய்தான். அதுவும் அதே பச்சை. நான் கேட்டுக் கேட்டுப் போட்ட சிவப்பெல்லாம் ஒரே தட்டலில் பச்சையாகிவிட்டன. போனில் பார்த்தால் லேபிளின் பெயர் தெரியாது, பச்சைப் புள்ளி மட்டும்தான் தெரியும்.

"தம்பி, இனி எது தண்ணி, எது பொகைன்னு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"எதையும் பாசிட்டிவா வெக்கணும்க்கா" என்றான். பெங்களூரில் சொல்லிக்கொடுத்தது போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மனைவி அபிநயாவுக்குச் சேலத்தில் ஒரு பள்ளியில் வேலை, அங்கேயே வாடகை வீடு. வீட்டுக்காரம்மா காலையில் கொஞ்ச நேரம் மோட்டார் போடுவார். பிடித்து வைத்தது தீர்ந்தால் அவர் வீட்டு வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும். அபிநயா நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் குழாயைத் திறக்க ஒரு வீடு வேண்டும் என்றாள்.

இளவழகன் சேலத்துக்குப் பக்கத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மனை வாங்கினான். எங்கள் பக்கத்தில் கிரயம் முடியும்வரை இடம் வாங்குவதை யாரிடமும் மூச்சு விடமாட்டார்கள், கண் பட்டுவிடும். அவனும் விடவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாமா என்று அபிநயா கேட்டதற்கு, போனை நீட்டி ஊர்ப் பெயரைத் தட்டிக் காட்டியிருக்கிறான். அந்த மனையைச் சுற்றி எல்லாம் பச்சை. இதைவிட என்ன விசாரணை வேண்டும் என்றானாம். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். அந்தப் பச்சைகளில் பாதிக்கு மேல் நான் சிவப்புப் போட்டு, அவன் பச்சையாக்கி மறந்துபோனவை.

கிரயம் முடிந்து, லட்டுக் கொடுத்து, எங்கள் வண்டியையே கொண்டுபோய் நிறுத்தினான். தேங்காய் உடைத்தார்கள். பைப் மேல் பைப்பாக இறங்கியது, சாயங்காலம்வரை புகைதான் வந்தது. பள்ளியிலிருந்து நேராக வந்த அபிநயா, சேலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு நின்றாளாம். "எல்லாம் பச்சைன்னு காட்டுனீங்களே" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். வண்டியோடு போனவர்கள் இதைச் சொன்னபோது எனக்கு அவன்மேல்கூட இரக்கம் வந்தது. அந்த இரக்கம் மறுநாள் மத்தியானம்வரை தாங்கவில்லை.

மறுநாள் தன் போருக்கான ஃபைலை அவனே திறந்தான். ஊர், ஆழம், பாறை எல்லாம் நிரப்பினான். தண்ணீர் நிலையில் வந்து நின்றான். அங்கே அவன் விட்டுவைத்திருந்தது இரண்டு பச்சைகள்தான்.

"பழைய செவப்ப மறுபடி கொண்டுவந்துரலாமுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டான். குரல் இறங்கியிருந்தது. பரவாயில்லை, பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதலாளி அவன் தோளில் கை வைத்தார். "வேண்டாஞ்சாமி. 'மழைக்கு வரும்'னே போடு. நாளைக்கு அந்த எடத்த நீ விக்கோணுமல்லோ?"

அவன் அந்தப் பச்சையைத் தொட்டான். ஃபைல் சேவ் ஆனது. நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "நம்ம மனைல தண்ணியப் பத்திக் கவலையே வேண்டாங்க. கொண்டப்பநாயக்கன்பட்டின்னு தட்டினா எங்க கம்பெனி ஃபைலே காட்டும். இப்பவே அனுப்பி விடறேன், உங்க ஊட்டம்மாகிட்டயும் காட்டுங்க."