ஆடை அண்ணியின் பலகை

நான் வேலை செய்யும் நாற்காலிப் பட்டறையில் அவளுக்கு ஆடை அண்ணி என்று பெயர். முதலாளிக்கு அண்ணி என்பதால் எல்லோருக்கும் அண்ணி. ஆடை என்பது உடுத்துவதல்ல. புளித்த சர்க்கரைத் தண்ணீரில் ஒரு பாக்டீரியா நெய்கிற வெள்ளைச் சவ்வு, பாலில் படிவதுபோல. தட்டில் சணல் நாரைப் பரப்பி அந்தத் தண்ணீரை ஊற்றி, பன்னிரண்டு நாள் அசைக்காமல் விட்டால் ஆடை நாருக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். அதைக் கழுவி, செடியிலிருந்து எடுத்த பசையைத் தடவி, சூட்டில் அழுத்தினால் நாற்காலியின் இருக்கைப் பலகை.

சூட்சுமம் ஒன்றுதான்: பசை தடவும்வரை ஆடை காயக் கூடாது. ஒருமுறை காய்ந்துவிட்டால் எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய நிலைக்கு வராது. பசை உள்ளே போகாது. இதைத் தெரிந்துகொள்ள அவள் நாற்பது பலகைகளை முழங்காலில் வைத்து உடைத்திருந்தாள்.

நாற்றம் தாங்காமல், தட்டுகள் இருக்கும் தட்டறைப் பக்கமே வராத முதலாளிக் கொழுந்தன், ஒரு நாள் செயல்முறை எழுதி மரச்சட்டம் போட்டு அங்கே சுவரில் மாட்டச் செய்தான். "ஆடையை இரண்டு நாள் நன்கு உலர்த்தவும்" என்று அதில் ஒரு வரி. ஈரம் அவனுக்கு அசிங்கம். அடியில் "கண்டறிந்தவர்" என்று அவன் பெயர்.

"தம்பி, காயவச்சா வந்து..."

"அண்ணி, எழுதியிருக்கிறத அப்படியே செய்யுங்க. யோசிக்கிற வேலைய எங்கிட்ட விடுங்க."

"சரிங்க தம்பி."

வீட்டில் கணவர், "தம்பிதானே, விட்டுக்கொடேன்" என்றார்.

"விட்டுட்டேங்க. முழுசா விட்டுட்டேன்."

அடுத்த பலகைகளுக்கான ஆடையை அவள் இரண்டு நாள் உலர்த்தினாள், ஒரு மணி நேரம்கூடக் குறையாமல். கீழ்ப்படிதல் இத்தனை பயங்கரமாக இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

ஐந்நூறு நாற்காலி கேட்டு வந்தவர் முன்னால், உறுதியைக் காட்ட வழக்கம்போலக் கொழுந்தன் பூட்சுக் காலோடு நாற்காலிமேல் ஏறினான். பலகை பிளந்தது. கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. நாற்காலியைக் காலில் மாட்டிக்கொண்டு நின்ற முதலாளியை இரண்டு தச்சர்கள் உருவி எடுக்கும்வரை, வந்தவர் நாகரிகமாக ஜன்னலைப் பார்த்தார். பிறகு மூன்று வாரம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

"என்ன அண்ணி செஞ்சீங்க?"

"எழுதியிருந்தத."

மறுநாள் அவனே தட்டறைக்கு வந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு. உலர்த்துகிற வரியை அடித்தான். அவள் நகரவில்லை.

"கீழேயும் ஒரு வரி இருக்கு தம்பி."

தன் பெயரை அடித்துவிட்டு "குடும்பத்தினர்" என்று எழுதினான். அவள் தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். ஒன்பதாவது தட்டைக் கழுவும்போது "குடும்பத்தினர்" போய் அவள் பெயர் வந்தது.

மூன்று வாரம் கழித்துப் புதிய நாற்காலியை அவளே கொண்டுவந்து வைத்தாள். வந்தவர் காத்திருந்தார்.

"ஏறுங்க தம்பி."

"தாங்கும்ல அண்ணி?" என்றான் மெதுவாக.

"யோசிக்கிற வேலை உங்களோடது."

ஏறினான். தாங்கியது. ஐந்நூறும் உறுதியானது. எல்லோரும் கைதட்டினார்கள், அண்ணி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், லேசான ஏமாற்றத்தோடு.

மன்னித்துவிட்டதாகத்தான் சொல்கிறாள். பிளந்த பலகையை மட்டும் கொழுந்தன் மேசைக்கு நேரெதிரே மாட்டியிருக்கிறாள். யார் நாற்காலி பார்க்க வந்தாலும் அவள்தான் முதலில் சொல்கிறாள், "ஏறுங்க தம்பி." ஒவ்வொரு முறையும் அவன் முகம் வெளுக்கிறது.