கதிர் முற்றிய வயலில் டோசர்

பர்மாவில், தன்லியின் ஊரில், ஒரு கான்ட்ராக்டரிடம் புல்டோசர் ஆபரேட்டராக நான் சேர்ந்த முதல் நாள். தொழிற்சாலை வருவதற்காக நிலத்தைச் சமன்படுத்தும் வேலை. போய்ப் பார்த்தால் நெல் அறுப்புக்கு நின்றது.

வரப்பில் சடையன் அண்ணன் நின்றார், அருகில் அவர் மனைவி அஞ்சலை. அவர்களுடைய பாட்டன் காலம் முதல் அந்த மண்ணில்தான் உழைப்பு. நிலம் சர்க்காருடையது. விற்க முடியாது, விட்டுப்போகவும் முடியாது. கோடையிலும் நெல்தான் போட வேண்டும் என்று உத்தரவு. ஒரு வருஷம் உளுந்து போட்டதற்கு, முளைத்த பயிரை உழுது அழித்தார்களாம். பிறகு, நாட்டை நவீனமாக்குவேன் என்று புதிய தலைவர் வந்தார்.

நாங்கள் 'சயா' என்று மரியாதையாகக் கூப்பிடும் நில ஆபீசர் பர்மியத்தில் சிரித்தபடி சொன்னார்: "இனி நெல் உத்தரவு கிடையாது. உங்களுக்கெல்லாம் விடுதலை."

"உத்தரவு போச்சு, சரிங்க சயா. நெலத்தையும்ல எடுத்துக்கிறீங்க?" என்றார் சடையன். "அறுத்துக்கிறேன், அதுவரைக்கும் பொறுங்க."

"இன்றே வேலை ஆரம்பம்."

நான் இறங்கி டோசருக்கு அடியில் பார்த்தேன். "ஹோஸ்ல ஆயில் ஒழுகுது சயா. ஓட்டினா பம்ப் போயிடும்" என்றேன். உண்மையில் ஒழுகவில்லை. ஆபீசர் போனதும் அக்கம்பக்கத்தார் அரிவாளோடு இறங்கினார்கள். நானும் கட்டுத் தூக்கினேன். இருட்டும்வரை அறுத்தும் பாதிதான் கரையேறியது.

மறுநாள் வேறு டோசரோடு வேறு ஆள் வந்தார். பிளேடு நெருங்கியும் சடையன் குனிந்து அறுத்துக்கொண்டே இருந்தார். கையைப் பிடித்து நான்தான் இழுத்து வந்தேன். அவர் அழவில்லை, அரிவாளையும் விடவில்லை.

சில வருஷம் கழித்து லைங் தாயா தொழிற்பேட்டையில், கார்மென்ட் ஃபேக்டரி வாசலில் அஞ்சலையைப் பார்த்தேன். சட்டையில் நூல் பிசிறு வெட்டும் வேலையாம்.

"அண்ணன் எப்படிக்கா இருக்காரு?"

"விடிஞ்சதும் எந்திரிச்சு வாசல்ல வந்து நிக்கிறாரு தம்பி. போறதுக்கு எடமில்ல. திரும்ப வந்து படுத்துக்கிறாரு. அங்க நம்ம வயல்ல ஃபேக்டரி வந்துருச்சா?"

சுற்றுச்சுவர் மட்டும் இருக்கிறது, உள்ளே கோரைப்புல் ஆளுயரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கட்டிக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

மெஷின் ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பிளேடை இறக்குமுன் நீங்கள் இறங்குங்கள். அந்த மண்ணில் நிற்கிறவரிடம் பேசுங்கள். வேலை நிற்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பகல் கிடைத்தால், பாதி வயலாவது வீடு போய்ச் சேரும்.