யார் பெயர் குடத்துக்குள்?

எனக்குத் தத்துவம் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் பாதி நேரம் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஊர் நூலகத்தின் சாவி என்னிடம் இருந்தது. திறந்துவிட்டுப் பூட்டும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரு டீச்சர் பழவேற்காடு பஸ் பிடித்து வந்து, புதிதாகக் கேட்பவர்களுக்காகத் தத்துவம் நடத்தினாள். நல்ல பெண்தான். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

முதல் வாரம் ரயில் வண்டி. பிரேக் பிடிக்காத வண்டி ஒன்று ஓடி வருகிறது. தண்டவாளத்தில் ஐந்து பேரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு கம்பியை இழுத்தால் வண்டி பக்கத்துத் தடத்துக்குத் திரும்பும். அங்கே ஒரே ஒருத்தன் கிடக்கிறான். இழுப்பாயா, மாட்டாயா? வந்திருந்த பெண்கள் "ஐயோ பாவம்" என்றார்கள்.

"அவங்கள யாரு டீச்சர் கட்டிப் போட்டது?" என்று கேட்டேன்.

அதைக் கேட்கக் கூடாதாம். மனத்துக்குள் நடத்தும் பரிசோதனை என்றால், மற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பதாம். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது முக்கியமா, என் கையால் ஒருத்தன் செத்தான் என்பது முக்கியமா, அவ்வளவுதான் கேள்வி. புரிந்தது. புரிந்தும் கோபம் போகவில்லை. கட்டிப் போட்டவனை விட்டுவிட்டுக் கம்பிப் பக்கத்தில் நிற்கிறவளைப் பிடித்து விசாரிப்பது எங்கள் ஊரில் தினமும் நடக்கிற காரியம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு வகுப்பு தேவையில்லை.

உண்மையில் என் கோபம் டீச்சர்மேல் இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் வீட்டுக்காரர் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவர் பெயரைப் பாடு பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த முறையில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் குடத்தில் பெயர்ச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள்; பெயர் வருகிற வரிசைப்படி இடம். அப்படிக் கிடைக்கும் உரிமைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு சீட்டு. அவன் செத்தால், மகன் கல்யாணம் கட்டும்வரை அந்த வீட்டுக்குச் சீட்டு இல்லை. எனக்கு இருப்பது மகள். அதாவது என் வீட்டுக்கு ஏரி முடிந்துபோன கதை. வலை இருந்தது, படகு இருந்தது, வந்து கட்டித்தர என் தம்பி தயாராக இருந்தான். பெயர் மட்டும் இல்லை.

கடைசி வகுப்புக்கு ஆம்பளைகளும் வந்தார்கள். அன்று காற்று பலம், யாரும் ஏரிக்கு இறங்கவில்லை, நூலகத்தில் ஃபேன் ஓடியது. முன்வரிசையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சீட்டுக் குடத்துக்குப் பொறுப்பாளர் அவர்தான். என் வீட்டுக்காரர் பெயரை அடித்த பேனாவும் அவருடையதுதான்.

டீச்சர் புதுப் பரிசோதனை சொன்னாள். நீங்கள் இன்னும் பிறக்கவில்லை. நாளைக்கு இந்த ஊரில் பிறக்கப் போகிறீர்கள். ஆணா பெண்ணா, படகு இருக்கிற வீடா இல்லாத வீடா, கை கால் நன்றாக இருக்குமா இருக்காதா, ஒன்றும் தெரியாது. இப்போது ஊருக்குச் சட்டம் எழுதுங்கள். நாம் யார் என்று தெரியாதபோது எழுதுகிற சட்டம்தான் நியாயமாக இருக்கும். ஏனென்றால் எந்த மோசமான இடத்திலும் நாமே போய் விழலாம்.

வீட்டுக்காரரின் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, இத்தத்தான் நாங்க நைனா காலத்துலேந்து செஞ்சிகினு இருக்கோம்! குடத்துல கைய வுட்டா யாருக்கு எந்த எடம் வரும்னு சாமிக்கே தெரியாது. இத்தப் போயி படிச்சிட்டு வந்து சொல்றியேமா!"

டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நீங்க இதை வாழ்ந்துகிட்டே இருக்கீங்க சார்!" என்று கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மாமா, எந்த எடம் வரும்னு தெரியாது, சரி. ஆம்பளையா உக்காந்துகினுதான சீட்டு போடுறீங்க? நாளைக்கு என்னாட்டம் புருசன் செத்தவளா பொறந்தா இன்னா பண்றதுனு ஒர்த்தராச்சும் நெனச்சீங்களா?"

கைதட்டல் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஊர்க் கட்டுப்பாடு. இது கிளாசு. ரெண்டயும் ஏம்மா போட்டுக் கொழப்புறே?" பின்னால் யாரோ சிரித்தார்கள். "ரொம்ப நல்ல கேள்வி, எல்லாரும் யோசிச்சுப் பாக்கணும்" என்று டீச்சர் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பஸ் இருந்தது. எனக்குக் கதவைப் பூட்டும் வேலை இருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சீட்டுப் போடும் நாள் வந்தது. காலையில் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் பெயரை எழுதி மடித்து எடுத்துக்கொண்டு போனேன். பாதிச் சீட்டு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரரின் அண்ணன் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டது. முகத்துவாரத்தை ஒட்டின இடம், இறால் குவிகிற இடம், அவருக்கு. மனுஷன் வெற்றிலையும் வாயுமாக இருந்தார். நான் ஆம்பளைகளை விலக்கிக்கொண்டு போய்க் குடத்துக்குள் என் சீட்டைப் போட்டேன்.

"இன்னா பண்ட்டே!" என்று எழுந்தார்கள். ஒருவன் குடத்துக்குள் கையைவிடப் போனான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் முன்னால் குடத்துக்குள் விழுந்த சீட்டைப் பாதியில் பொறுக்கி எடுக்கக் கூடாது, திருட்டுத்தனம் நடக்கும். அந்தச் சீட்டு வேண்டாம் என்றால் குடத்தைக் கவிழ்த்து, எடுத்ததையும் சேர்த்துப் போட்டு, முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அப்போதுதான் வேடிக்கை. மோசமான இடம் வந்தவர்களெல்லாம் "கவுத்துங்க, கவுத்துங்க!" என்று கத்தினார்கள். நல்ல இடம் வந்தவர்கள் குடத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். வீட்டுக்காரரின் அண்ணன் குடத்தின் வாயைக் கையாலேயே மூடிக்கொண்டார். "வுடுங்கப்பா, கெடக்கட்டும். பொம்பள, ஆசப்பட்டு போட்டுடுச்சி. இந்த ஒரு வருசத்தோட சரி" என்றார். நியாயம் கேட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காத ஆள், தன் இடம் போய்விடும் என்றதும் எனக்காக வாதாடினார். என் பெயர் கடைசிக்கு முந்தினதாக வந்தது. சேற்று இடம்தான். இருக்கட்டும், ஏரிதானே. ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன்.

பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலேயே இருப்பவள், எனக்கு முன்பே புருஷனைப் பறிகொடுத்தவள், ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்கா, எம்பேரையும் ஒரு துண்டுல எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? எங்கூட்லயும் வலை சும்மாதான் கெடக்குது."

நோட்டில் தாள் நிறைய இருந்தது. அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

"அடுத்த வருஷம் போடலாம்" என்றேன். அடுத்த வருஷம் குடத்துக்குப் பக்கத்தில் எங்களை நிற்கவே விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். கையை விட்டுவிட்டுப் போனாள். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.